வளைந்த ஊசி

கதவைத் தட்டினால் தஹானி உடனே திறப்பதில்லை. மேசை மேல் பரப்பிக் கிடக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைக்கும் சத்தம் முதலில் கேட்கும். அடுத்து கணினித் திரை அணையும். அதன் மேல் ஒரு தலைத்துணி விழும். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள். வந்திருப்பது சொந்தத் தங்கையாக இருந்தாலும் இதே முறைதான். "ஊரார் வீட்டுப் பொண்ணுங்க தலை திறந்து கிடக்குறாங்க டீச்சர். காத்துகூட முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் உள்ள வரணும்" என்பாள்.

வயது நாற்பத்து மூன்று. எங்கள் மிஸ்ராத்தா நகரத்தில் பெண்கள் மட்டும் கூடும் கல்யாண மண்டபங்களில் பதினான்கு வருடமாகப் படம் எடுக்கிறாள். தரை தொடும் கறுப்பு அங்கிக்குள் ஆண்கள் போடும் கால்பந்து காலணி. தோள்பையில் பாதி, எள் தூவிய வளைய ரொட்டி. மீதிப் பாதிதான் தொழில். இடது கண்ணை மூடியே பழகிவிட்டதால் தக்காளி வாங்கும்போதும் அது தானாகச் சுருங்கும். கடைக்காரர்கள் பயந்து நல்லதாகப் பொறுக்கிப் போடுகிறார்கள்.

கேமராவுக்கு அவள் வைத்த பெயர் 'கிழவி'. பிடிப்பு ரப்பர் கழன்றபோது செருப்புப் பசையால் ஒட்டினாள். பொத்தான் சிக்கினால், "கிழவிக்கு இன்னைக்கு மூட்டு வலி. கொஞ்சம் தடவிக் குடுத்தா எந்திரிச்சிடுவா" என்று சிரித்தபடி விரலால் நீவுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒன்பது மாதமாகிறது.

அவளுடைய தொழிலுக்கு ஒரு சடங்கு உண்டு. மண்டப வாசலில் எல்லாருடைய கைப்பேசியையும் வாங்கிப் பைக்குள் போட்டுக் கட்டிவிடுவார்கள். உள்ளே படமெடுக்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான். ஆட்டம் பாட்டம் முடிந்ததும் மணப்பெண்ணின் தாய் முன்னால் நின்று, கேமராவின் பக்கக் கதவைத் திறந்து, படங்கள் பதிந்த கார்டை உருவி, அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைப்பாள். மறுநாள் தாய் அந்தக் கார்டோடு தஹானி வீட்டுக்கு வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுப்பாள். போகும்போது கார்டையும் எடுத்துக்கொண்டு போவாள். ஆல்பம் கட்டும்வரை அச்சுப் படங்கள் மட்டும் சில நாள் தஹானியிடம் இருக்கும். வேறு பிரதி கிடையாது. பிரதி இல்லை என்பதுதான் அவளுடைய நற்பெயர்.

இப்போது அவள் கையில் ஒரு பொருள் வாங்குமளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. புது பாடியா, புது லென்ஸா? இந்தக் கேள்வியை அவள் என்னிடம் கேட்டது எத்தனை தரம் என்று எனக்கே நினைவில்லை. தலை சீவிவிடும் பெண்ணிடம் கேட்டாள். பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டே கேட்டாள். ஃபர்ஜானியின் கேமராக் கடையில் இரண்டையும் எடுத்து வைக்கச் சொல்லி மாதங்கள் ஆகின்றன. அவர் என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "டீச்சர், உங்க தோழி என் அலமாரியில வாடகை இல்லாம குடியிருக்காங்க" என்கிறார்.

பாடி என்றால் லென்ஸ் மாட்டும் கேமரா உடல், அதிலும் இரண்டு கார்டு போடும் பாடி. ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்கும். அதை வேண்டாமென்று சொல்ல அவளிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும்.

"ரெண்டாவது கார்டு யாரு வீட்டுல இருக்குன்னு ஊரு கேக்காதா?"

"ரெண்டையும் அந்தம்மா கையிலயே குடுத்துடேன்."

"அதுவும் சரிதான்" என்பாள். மறுநாள் அதே காரணத்தோடு வருவாள்.

லென்ஸ் பற்றிப் பேசினால் முகமே வேறு. "வெளிச்சமே வேணாம் டீச்சர், மெழுகுவத்தி போதும். பொண்ணு முகம் மட்டும் நிக்கும், பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெயா உருகிடும். இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அந்த வெண்ணெய்தான் வேணுமாம்."

அவள் ஏன் பாடி வாங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் லென்ஸின் குணங்களை அவளோடு உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

போன அக்டோபரில் ஹாஜியம்மா மப்ரூக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். ஹாஜியம்மா நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. கல்யாணத்துக்கு மறுநாள், படம் தேர்ந்தெடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு தஹானி வீட்டுக்கு வந்தார். தஹானி நுரை பொங்கத் தேநீர் ஊற்றி, வேர்க்கடலை போட்டுக் கொடுத்தாள். கார்டைச் செருகினாள். திரையில் ஒன்றும் இல்லை. துடைத்துச் செருகினாள். வேறு கருவியில் செருகினாள். ஒரு மகளின் கல்யாணம் முழுவதும் அந்தக் கார்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு படம்கூட வரவில்லை.

ஹாஜியம்மா அழவில்லை. யோசித்தார். "ராத்திரி கார்டு வெச்ச கைப்பையை வேலைக்காரி ரக்கியாகிட்டதான் குடுத்தேன். அந்தக் கழுதை சாம்பிராணிச் சட்டி பக்கத்துல கொண்டுபோய் வெச்சுது. ஏம்மா தஹானி, சூட்டுல கார்டு செத்துப் போகுமா?"

தஹானி திரையைப் பார்த்துக்கொண்டே, "போகும்" என்றாள்.

அந்த ஒரு சொல்தான். நான் பௌதிகம் கற்பிப்பவள். ஒரு கை தூரத்தில் இருக்கும் நாலு கரித்துண்டு, தோல்பைக்குள் இருக்கும் கார்டைக் கொல்வதற்கு முன் தோலைக் கருக்கியிருக்க வேண்டும். பை பளபளவென்று என் மடியருகே கிடந்தது. ஆதாரம் கேள், ஆதாரம் கேள் என்று வருடத்துக்கு நாற்பது பெண்களிடம் கத்துகிறவள், அன்று என் தலைமையாசிரியையின் முன்னால் தேநீரின் நுரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரக்கியா நைஜர் நாட்டின் அகதெஸ் ஊர்க்காரி. ஆறு வருடம் அந்த வீட்டில் துணி துவைத்து, மாவு பிசைந்து, மணப்பெண்ணின் கையில் மருதாணி காயும்வரை விசிறியவள். அன்றே மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலையை விட்டு அனுப்பப்பட்டாள். அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் சூடு என்பதும் மறைந்து, 'கண்' என்று ஆகிவிட்டது. கறுப்பி பொறாமையில் கண் வைத்தாளாம். அந்தக் கண் பட்டுப் படமெல்லாம் எரிந்துவிட்டதாம். எங்கள் பள்ளி ஆசிரியைகள், பட்டம் பெற்றவர்கள், இடைவேளையில் இதைப் பேசித் தலையாட்டினார்கள். எந்த வீடும் அவளை மறுபடி சேர்க்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துத் தஹானி கிழவியைத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். "உங்க ஆய்வுக்கூடத்துப் பூதக்கண்ணாடி வேணும்" என்றாள். கார்டு போய் உட்காரும் பொந்துக்குள் சீப்புப் பற்கள் போல ஊசிகள் இருக்கின்றன. அதில் ஒன்று வளைந்து பக்கத்து ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோளாறு கார்டில் இல்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடியே 'கார்டு பிழை'ன்னு காட்டிச்சு டீச்சர். கழட்டி மாட்டினா சரியாயிடும். மூட்டு வலின்னு சொல்லிச் சிரிச்சிட்டேன்."

"அப்ப போய்ச் சொல்லு."

"நீங்க சொல்லியிருக்கலாமே அன்னைக்கு."

அன்றிலிருந்துதான் பாடியா லென்ஸா என்று தொடங்கியது. லென்ஸ் வாங்கினால் கிழவி குற்றமற்றவளாகவே இருப்பாள். பாடி வாங்கினால், பழசுக்கு என்ன வந்தது என்று ஊர் கேட்கும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இப்போது யாரிடமோ கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போகிறாள். கேட்டால், கிழவிக்கு ஓய்வு கொடுத்திருக்கிறாளாம்.

இந்த ஜூலையில் ஹாஜியம்மாவின் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பேசி முடிக்க வியாழன் மாலை வருகிறேன் என்று தஹானிக்குச் சொல்லியனுப்பினார். நான் அன்று முன்னதாகவே போயிருந்தேன். மேசையில், போன வாரம் ஃபர்ஜானி ஒரு நாள் பார்க்கக் கொடுத்த லென்ஸில் எடுத்த படம் ஒன்று கிடந்தது. வண்ணம் பார்க்க அடித்த பிரதி, கிழித்துப்போட வேண்டியது. இடது பாதியில் மணப்பெண், இமை மயிர்கூட எண்ணலாம். வலது பாதி அவள் சொன்ன வெண்ணெய். அதில் ஒரு மஞ்சள் திட்டு, அதன் கீழே ஒரு பழுப்பு, அதன் கீழே வட்டமாக ஏதோ பளபளப்பு.

"இது என்னன்னு தெரியுதா டீச்சர்?"

தெரியவில்லை.

"ரக்கியா. மண்டபத்துல தட்டு கழுவ நாள்கூலிக்கு வர்றா. மஞ்சள் முக்காடு. நான் அவளைப் பாக்கவேயில்லை. படத்தைப் பெருசு பண்ணினப்பதான் பாத்தேன். முகம் உருகிப் போச்சு, ஆனா நேரா என் பக்கமே திரும்பி நிக்கிறா."

தஹானியின் இடது கண் திறந்தே இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கைப்பேசி அடித்தது. ஃபர்ஜானியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "தஹானி அக்கா, ஸ்லீதன் ஊர்ல இருந்து ஒருத்தர் அந்தப் பாடியைக் கேட்டு நிக்கிறார். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. குடுக்கட்டுமா? நீங்க லென்ஸ் பக்கம்தானே?"

"குடுக்காதீங்க. பாடி எனக்கு."

"அல்லாஹ்வே! கடைசியில வழி பொறந்துச்சு. பழசைக் கொண்டுவாங்க, கழிச்சிக்கலாம். அது நல்லாத்தானே இருக்கு?"

தஹானி என்னைப் பார்த்தாள். "இல்ல. உள்ள ஊசி வளைஞ்சிருக்கு. அக்டோபருக்கு முன்னாடியே வளைஞ்சிருக்கு. ஹாஜியம்மா வீட்டுப் படத்தை அதுதான் தின்னுச்சு."

ஃபர்ஜானியின் குரல் இறங்கியது. "அக்கா, அது அந்த வேலைக்காரப் பொண்ணு..."

"அவ இல்ல" என்று சொல்லிப் பேச்சை முடித்தாள்.

"ஹாஜியம்மாகிட்ட நானும் பேசுறேன்" என்றேன். "அன்னைக்கு எனக்கும் தெரியும்."

"பேசுங்க. நான் முடிச்சப்புறம்."

கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு, தலைமையாசிரியைத் தட்டு. "தஹானி! வெயில்ல நிக்கிறேன்மா, உன் சீட்டுக்கட்டை அப்புறம் அடுக்கலாம்!"

தஹானி வழக்கம்போல் ஒவ்வொரு படமாகக் கவிழ்த்தாள். திரையை அணைத்துத் துணியைப் போட்டாள். கிழவியின் பக்கக் கதவைத் திறந்து, பொந்து வாசல் பக்கம் தெரியும்படி மேசை நடுவில் வைத்தாள். கடைசியாக அந்தப் பிரதியை எடுத்து, மணப்பெண் பின்பக்கம் மறையுமாறு பாதியாக மடித்து, மஞ்சள் திட்டு முன்னால் தெரியக் கேமராவின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, தாழ்ப்பாளில் கை வைத்தாள்.