நான் அண்டை வெட்டிய வரப்பு

எங்கள் மகள் தவழத் தொடங்கிய வருடம்தான் என் கணவருக்குப் பார்வை முழுவதுமாகப் போனது. கண் நரம்பு பட்டுவிட்டது, இனி வராது என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே சட்டம் போட்டேன்: கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. மகள் அழுதாள். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பள்ளம்ங்க, மேடுங்க" என்று கத்தியபடி நானும் பின்னாலேயே போவேன்.

"நீ கத்துற கத்துல எனக்குக் காலு எங்க இருக்குன்னே மறந்துபோவுது" என்பார்.

அப்போது கீழ்வேளூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் குத்தகைத் தகராறு. குத்தகைதாரர் பேரைப் பதிவு செய்யக் கழக ஆட்சி சட்டம் கொண்டுவந்திருந்தது. மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்திருந்த வயலுக்கு நாங்களும் மனுக் கொடுத்தோம். மிராசுதாரின் ஏஜெண்டு ஆட்சேபித்தார்: கண் தெரியாதவர் எங்கே சாகுபடி செய்கிறார், நிலத்தை வேறு ஆளுக்கு உள்குத்தகை விட்டுவிட்டார் என்று. அதை நம்பிவிட்டால் நிலம் போய்விடும். வருவாய் ஆய்வாளர், அதாவது ஆர்.ஐ., நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

நான் சீர்காழியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள் ஆயிற்றே, சட்டத்தை விசாரித்தேன். குடும்பத்தில் ஒருவர் உழைத்தாலும் போதுமாம். நான்தான் உழைக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அதிகாரி முன்னால் அவரை நடக்கவிட வேண்டியதில்லை. ஆனால் கையில் கொப்புளம் இருந்தால்தானே நம்புவார்கள்? ஆர்.ஐ. வருவதற்கு முதல் நாள் மதியம் என் கணவர் தூங்கும்போது போய், வரப்பின் இரண்டு பக்கமும் புல்லோடு மண்ணைச் சீவி அண்டை வெட்டினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல வரவேண்டும் என்று, கோணல் தெரிந்த இடத்தில் எல்லாம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று செதுக்கினேன்.

மறுநாள் காலை ஆர்.ஐ. வந்தார். "சார், நான்தான்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் என் கணவர் வழக்கம்போல விறுவிறுவென்று வரப்பில் ஏறினார். அவர் கால் பழகிய இடத்தில் வரப்பு இல்லை. முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டார்.

"பாத்தீங்களா சார்? தான் உழுவுறதாச் சொல்ற வயல்லயே நடக்கத் தெரியல" என்றார் ஏஜெண்டு.

என் கணவர் வரப்பைக் கையால் தடவினார். "எந்தப் படுபாவி இத வெட்டுனது? வாழைத்தண்டு மாதிரி உரிச்சு வச்சிருக்கான்!"

"வேற ஆளு செய்யிறான்னு அவரே ஒத்துக்கிட்டாரு. எழுதிக்குங்க சார்."

"வேற ஆளு இல்லீங்க, நான்தான்." கொப்புளத்தை நீட்டினேன். நான் நீட்டியதைப் பார்த்து இடுப்பில் இருந்த மகளும் கையை நீட்டினாள்.

ஆர்.ஐ. வரப்பையும் என்னையும் பார்த்தார். "ஏம்மா, நீங்களா சாகுபடி பண்றீங்க? தண்ணி கட்டுனா இது நிக்குமா?"

"நிக்கும்ங்க... நிக்காதுங்களா?"

"அவளக் கேக்காதீங்க சார்" என்றார் என் கணவர். "போன போகத்துல களை எடுக்குறேன்னு வந்து பயிரப் புடுங்கிப் போட்டுட்டு, கோரைய விட்டுட்டுப் போன ஆளு. ஏண்டி, மண்வெட்டி எங்க?"

எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கப் போனேன்.

"அங்கேருந்தே நீட்டு, போதும்."

நீட்டினேன். அவர் சேற்றை அள்ளி வரப்பில் அறைந்து, மண்வெட்டியின் முதுகால் இழுத்துப் பூசி, காலால் கனம் பார்த்து நகர்ந்தார். ஓரிடத்தில் விட்டுப்போனது. சொல்ல வாய் திறந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். திரும்பி வந்து அதையும் பூசினார். ஏஜெண்டு குடையை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றார்.

வரப்பின் பாதி தூரம் வரை பார்த்துவிட்டு, "ஒங்க பேர்லயே எழுதிக்கிறேன்" என்று என் கணவரிடம் சொன்னார் ஆர்.ஐ. ஏஜெண்டு பிறகு தகராறு கிளப்பாமல் இருக்க, என்னிடமும் ஒரு வாக்குமூலம் வேண்டுமாம்: எனக்கு விவசாய வேலை எதுவும் தெரியாது, வரப்பைக் கெடுத்தது நான்தான் என்று.

பள்ளிக்கூடத்தில் அழகான கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். பேனாவைப் பிடித்தேன்.

"நல்லாப் படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றார் என் கணவர் சேற்றிலிருந்து. "பொய் எதுவும் இல்லியே?"

"இல்லீங்க" என்றேன்.