உப்பு ரொட்டிக்குப் பழகிய மாவு

என் மனைவியின் தம்பி என் போர்மையை விட்டுப் பிரிந்து போனபோது பங்காகக் கேட்டது ஓர் உருண்டை பழைய மாவு. போர்மை என்றால் எங்கள் பக்கத்தில் ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு. அடுப்பு இருக்கிற கட்டடத்துக்கும் அதுதான் பெயர். தகரத் தட்டு கேட்டிருந்தால் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்திருப்பேன். மாவு அப்படிப்பட்ட சாமான் இல்லை. ஆனாலும் கொடுத்தேன். இவன் கொண்டுபோய் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறான் என்ற நினைப்புதான்.

அந்த மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு. சைக்கிளுக்குப் பின்னால் பெட்டி கட்டிப் பாறசாலை முழுக்க அடுத்தவன் சுட்ட ரொட்டியை விற்றவன். அந்த அடுத்தவனின் போர்மை இடிந்து புல் முளைத்துக் கிடக்கிறது. கொல்லயில் என்ற ஊரில் நான் கட்டினது இன்றைக்கும் புகைகிறது. கள்ளை வடிகட்டி மாவில் ஊற்றித் தொடங்கினேன். பிறகு ஒவ்வொரு நாளும் பிசைந்ததில் ஓர் உருண்டையை எடுத்து மூடிவைத்து, மறுநாள் புது மாவில் சேர்ப்பேன். டப்பாவில் அடைத்த ஈஸ்ட் சந்தைக்கு வந்த பிறகும் நான் அதைத் தொடவில்லை. அது சோம்பேறிகளுக்கு உண்டான சரக்கு.

எனக்குப் பெயர் வாங்கித் தந்தது இனிப்பு பன். சர்க்கரை கூடினால் மாவு பொங்காது என்று மற்ற போர்மைக்காரர்கள் பயந்து செத்தார்கள். முதலில் எனக்கும் பொங்கவில்லை. கொஞ்சம் கூட்டினேன், பொங்கின உருண்டையை மட்டும் மறுநாளுக்கு வைத்தேன், பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். வருடக்கணக்கில் இதே வேலை. கடைசியில், வேறு எந்த மாவும் மூச்சு முட்டிக் கிடக்கிற இனிப்பில் என் மாவு தொட்டிக்கு மேலே தலையை நீட்டியது.

அந்த பன்னால்தான் கடற்கரை என் கைக்கு வந்தது. பொழியூரில் ஒரு மீன்பிடிக் குடும்பம். புயல்காற்றில் மாட்டின ஆண்பிள்ளைகள் உயிரோடு கரையேறினதற்கு நேர்ச்சையாக, வருடந்தோறும் தேவாலயப் பெருநாளில் ஊருக்கே இனிப்பு பன் கொடுப்பார்கள். அந்த நேர்ச்சை பன் எந்தப் போர்மையிலிருந்து வருகிறதோ, அங்கேதான் கடற்கரைக் கடைகள் எல்லாம் வருடம் முழுக்கச் சரக்கு எடுக்கும்.

மைத்துனன் பெருங்கடவிளையில் போர்மை போட்டான். சாயாக்கடைகளுக்கு உப்பு ரொட்டி. பன் போட அவனுக்குத் துணிச்சல் இல்லை. சர்க்கரை மூட்டை அவன் வாசலில் இறங்கவே இல்லை. இரண்டு வருடம் இப்படி ஒப்பேற்றியவனுக்குத் திடீரென்று கடற்கரை ஆசை வந்தது. நேர்ச்சை கொடுக்கிற வீட்டு மூத்த அம்மாவிடம் போய், “அத்தானுக்க மாவு தான் அம்மச்சீ எனக்கதும். ஒரே தாய் பெத்ததாக்கும். ருசி மாறாது. நான் வாசல்ல கொண்டு இறக்கித் தாறேன்” என்று சொல்லி, அந்த வருடத்து நேர்ச்சை பன்னைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒரே தாய்! எங்கள் பக்கத்தில் ஒன்றுக்கும் ஆகாதவன் வாயில் எல்லாம் இந்தப் பேச்சுதான். இன்னார் குடும்பம், இன்னார் வழி. நீ என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் இருக்காது.

பெருநாளுக்கு முந்தின நாள் காலையில், தன் மாவு கிடந்த ஓர் அலுமினியப் பாத்திரத்தோடு மைத்துனன் பஸ்ஸில் வந்து இறங்கினான்.

“அத்தான் எனக்கு செத்த மாவாக்கும் தந்திருக்கிய.”

“எலே, செத்த மாவிலயா இதுவரைக்கும் ரொட்டி சுட்டு வித்தே? தின்னவியளை நினைச்சாத்தான் பாவமா இருக்கு.”

“ரொட்டி பொங்குது. பன் பொங்கல்ல. கல்லு போல கிடக்குது. நீங்க என்னமோ செய்து தான் தந்திருக்கிய.”

“ஆமா, மந்திரவாதம் வச்சேன். எனக்கு வேற சோலி இல்ல பாரு.”

சத்தம் கேட்டு என் மனைவி வந்துவிட்டாள். கூடவே பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த சாரும் வந்தார். கல்லூரியில் தாவரவியல் படிப்பிக்கிறவர். பன்னைக் கையில் கொடுத்தால் தின்னாமல், பிட்டு அதன் ஓட்டைகளை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள்.

“சண்டை எதுக்கு? இங்கயே பாத்திரலாமே” என்றார். நாலு கண்ணாடித் தம்ளர் எடுக்கச் சொன்னார். இரண்டில் பன்னுக்குப் போடுகிற அளவு சர்க்கரை சேர்த்த மாவு, இரண்டில் வெறும் மாவு. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றில் என் பழைய மாவைச் சேர்த்தோம், மற்றதில் அவனுடையதை. போர்மையின் சூடு படுகிற இடத்தில் நாலையும் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

சர்க்கரைத் தம்ளரில் என்னுடையது ஏறி வந்தது. அவனுடையது அடியில் ஒட்டிக் கிடந்தது. நான் நன்றாகச் சிரித்தேன். அப்போதுதான் சார் மற்ற இரண்டையும் நகர்த்திக் காட்டினார். சர்க்கரை இல்லாத மாவில் அவனுடையது தம்ளரின் வாயைத் தொட்டு நின்றது. என்னுடையது பாதிகூட வரவில்லை.

“இது எப்பிடி சார்?” என்றான் மைத்துனன்.

“இதுக்குள்ள இருக்கியது கோடிக்கணக்கான ஈஸ்டாக்கும். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். ஒவ்வொரு வாட்டியும் உள்ள இருக்கிய ஜீன் எல்லாத்தையும் பாத்து எழுதணும். எழுதும்போ தப்பு வரும். சிலது ஒரே ஜீனை ரெண்டு மூணு தடவை எழுதிப்போடும்.”

“எதுக்கு?” என்றேன்.

“எதுக்கும் இல்ல, தற்செயலு. ஆனா அந்த ஜீன் மாவிலேயே இருக்கிய இனிப்பை உடைக்கிய ஜீனா இருந்தா, சர்க்கரை போடாத போர்மையில அது தான் ராஜா. மத்ததை விட வேகமா பெருகும். கொஞ்ச நாளில தொட்டி முழுக்க அதுக்க பிள்ளைகளாக்கும். இனிப்பு தாங்குகது அங்க பின்தங்கிப் போவும். இங்க நேரெதிரு. எடுத்தது ஒரே உருண்டை தான். இப்ப இது ரெண்டும் வேற வேற.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்போ எனக்க மாவு என்னைப் போலயாக்கும். கஷ்டப்பட்டு மேல வந்திருக்கு.”

“அது கஷ்டப்பட்டு மாறல்ல அண்ணாச்சி. தற்செயலா தாங்கினது மிஞ்சிச்சு. தாங்காதது செத்துது.”

தற்செயலாம்! மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்தச் சொல் எளிதாக வரும். எழுத்துப்பிழை மாவின் தற்செயலாகவே இருக்கட்டும். சர்க்கரையைக் கூட்டினது யார்? பொங்காததைத் தூர எறிந்து, பொங்கினதை மறுநாளுக்கு எடுத்துவைத்தது யார்? அதை அவரிடமே கேட்டேன். “அதுவும் உண்டு” என்று சொல்லிவிட்டுத் தம்ளருக்குள் மறுபடி பார்க்கத் தொடங்கினார். படித்தவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மைத்துனனுக்கு இப்போது சத்தம் இறங்கியிருந்தது. “ஒரு உருண்டை தாருங்க அத்தான். நாளைக்குப் பெருநாளாக்கும்.”

உருண்டை போனால் கடற்கரையும் அதோடு போகும். முடியாது என்றேன்.

“கடப்புறத்தில எனக்க தம்பி நாணங்கெட்டு நிக்கணுமோ?” என்றாள் மனைவி.

“நிக்கட்டும். மாவு இந்தப் படியைத் தாண்டாது. பன் வேணுமெங்கில் அவன் இங்க நின்னு பிசையட்டும்.”

பிசைந்தான். முன்பு இதே போர்மையில் அவனிடம் வேலை கற்றவர்கள் பார்த்து நிற்க, வேட்டியை மடித்துக்கட்டித் தொட்டிக்கு முன்னால் குனிந்தான். இனிப்பு மாவு கையில் ஒட்டும். ரொட்டி மாவை அறைவதுபோல அதை அறைந்தான். “எலே, அது நினக்க சாயாக்கடை ரொட்டி இல்ல, மெல்ல” என்று எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவன் நிமிரவில்லை.

மறுநாள் காலையில் பன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேருமாகப் போனோம். அந்த அம்மா ஒன்றைப் பிட்டுத் தின்று பார்த்தார். “மாற்றமே இல்ல மக்கா. இனி எல்லா வருசமும் நீ தான் கொண்டு வரணும்” என்று அவனிடம் சொன்னார்.

நான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடற்கரை அவனுடையது. திருட வந்தவன் அதைச் சொல்லுவான் என்றுதான் நினைத்தேன்.

“இது அத்தானுக்க போர்மையில சுட்டது அம்மச்சீ. எனக்க மாவுக்கு இனிப்பு ஆவாது. அத்தான் கிட்டயே சொல்லுங்க.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். வாசலிலேயே கொண்டு இறக்குவேன் என்று நானும் சொன்னேன்.

திரும்பி வரும்போது, கடற்கரைதான் என் கையில் வந்துவிட்டதே என்று, “வேணுமெங்கில் ஒரு உருண்டை கொண்டு போ” என்றேன்.

“வேண்டாம் அத்தான். எனக்க தொட்டியில கிடந்தா அதும் கொஞ்ச நாளில ரொட்டிக்குப் பழகிப்போவும். பின்ன எதுக்கு?”

சார் சொன்னதைத் தலையைக் குனிந்துகொண்டே முழுக்கக் கேட்டிருக்கிறான். அத்தனை வருடம் என்னிடம் வேலை பார்த்தபோது இப்படி ஒன்றையாவது கவனித்திருக்கலாம். பாறசாலையில் இறக்கிவிட்டேன். சாயாக்கடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று பெருங்கடவிளை பஸ்ஸுக்கு ஓடினான்.