மில்லிமீட்டரின் நாற்பது சென்டிமீட்டர்

என் மனைவியின் தம்பி சர்வேயர். அலுவலகத்தில் அவனுக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். அவன் ஜிபிஎஸ் கருவி காட்டும் எண்ணில் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கங்கள் வரும். பெற்ற பிள்ளைகளைக்கூட அவன் அவ்வளவு நம்பியதில்லை.

எங்கள் தெருவில் ஆக்கிரமிப்பு அகற்ற உத்தரவு வந்தது. அளந்தவன் இவன்தான். எங்கள் சமையலறைச் சுவர் தெருவுக்குள் நாற்பது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். அக்கா வீடென்றும் பாராமல் எழுதிக் கொடுத்துவிட்டதாக எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து மார்தட்டிக்கொண்டான்.

“திங்கட்கிழமை இடிக்க வருவாங்க. அதுக்குள்ள அடுப்பை நகர்த்திடுங்க, அத்தான்.”

நான் வீட்டோடு மாப்பிள்ளை. சுவர் விஷயத்தில் எனக்கு ஓட்டு கிடையாது. கரண்டியும் கையுமாக வந்தவள் என் மனைவிதான்.

“டேய், அது அப்பா கட்டின சுவர். எல்லைக்கல்லுக்கு உள்ள தள்ளித்தான் கட்டினாரு. மறுபடி அளடா.”

“கருவி பொய் சொல்லாதுக்கா.”

“அப்ப நான் சொல்றேனா?”

அவள் வாயை அடைப்பதற்காகவே சனிக்கிழமை மறுபடி அளந்தான். காலையில் சுவர் எல்லைக்குள் ஒரு சாண் தள்ளி நின்றது. மதியம் இரண்டு மணிக்குத் தெருவுக்குள் வந்துவிட்டது. சாயங்காலம் நல்ல பிள்ளையாக உள்ளே போய்விட்டது.

“மாமனார் சுவருக்குக் காலும் வெச்சுக் கட்டியிருக்காரு போல” என்றேன். அவன் சிரிக்கவில்லை. முகம் வெளிறிப் போயிருந்தது.

பிறகு அவனே சொன்னான். செயற்கைக்கோள் சிக்னல் மேல் வானத்தின் மின்னேறிய அடுக்கைக் கடக்கும்போது தாமதமாகும், கருவி காட்டும் இடம் நகர்ந்துவிடும். வெயில் ஏற ஏற அது மோசமாகும். பக்கத்திலேயே, இடம் துல்லியமாகத் தெரிந்த, அதே சிக்னலைக் கேட்கும் ஒரு ஜிபிஎஸ் நிலையம் இருந்தால் அதற்கும் கிட்டத்தட்ட அதே தாமதம்தான், கழித்துவிடலாம். இரண்டு அலைவரிசையில் கேட்கும் கருவியாக இருந்தால் தாமதத்தைத் தானே கண்டுபிடிக்கும். இவன் கருவிக்கு ஒரே அலைவரிசை. பக்கத்து நிலையமோ பழுதாகி ஆறு மாதம். எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தை வைத்துக் கழித்திருக்கிறான். அங்கே தலைக்கு மேல் இருப்பது வேறு வானம்.

“இது தெரிஞ்சுமா அளந்தே?”

“படிச்சிருக்கேன், அத்தான். ஆனா திரையில மூணு இலக்கம் வந்துச்சே!”

சாக்கடை மூடியைப் பெயர்த்து, சேற்றில் கையை விட்டு எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தோம். சாதாரண டேப்பைப் பிடித்து அளந்தான். சுவர் ஒரு சாண் உள்ளேதான் இருந்தது. மனைவி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே அவன் கடிதம் எழுத உட்கார்ந்தான். ‘நான் கண்டுபிடித்த ஆக்கிரமிப்பைவிட என் பிழை பெரியது. இந்தத் தெருவின் நாற்பத்தொரு கட்டடங்களுக்கும் என் அளவு செல்லாது.’

“நம்ம வீட்டுக்கு மட்டும் எழுதினா போதாதா? உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப்போகுதுடா” என்றாள் என் மனைவி.

“முடியாதுக்கா.”

இத்தனை வருடத்தில் அன்றுதான் அவனை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் தெருமுனை டெய்லர் கடையின் முன்சுவரைப் போன வாரமே இடித்துவிட்டார்கள். அஸ்திவாரம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தையல் மிஷின்மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தார். மறுநாள் காலை மைத்துனன் டேப்போடு அங்கே போனான். நானும் கூடப் போனேன். டெய்லர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எல்லைக்கல்லிலிருந்து அளந்தோம். அவர் சுவரும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

டெய்லர் எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

“உங்க அக்கா வீட்டை எத்தனை தடவை அளந்தீங்க, தம்பி?”

“அஞ்சு தடவைங்க.”

“என் கடையை?”

அவன் டேப்பைச் சுருட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

“ஒரு தடவை” என்றான்.