காப்பை மாற்றிக் கட்டி மெட்ராஸ் போனது

1987 பங்குனி, காலை ஐந்தரை மணி. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் எல்லை. நாமக்கல் பஸ் வரும் நேரம். பெட்டியோடு நானும் என் மனைவி சரசுவும் நிற்கிறோம். என் கையில் மாரியம்மன் நோன்புக்குக் கட்டிய மஞ்சள் காப்பு. காப்புக் கட்டியவன் நோன்பு முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. நான் போக வேண்டியதோ மெட்ராஸ்.

இந்தக் கூத்துக்கு நானேதான் காரணம். இருபத்தாறு வயதில் எனக்கு விரையில் புற்றுநோய்க் கட்டி. அதைச் சேலத்தில் எடுத்துவிட்டார்கள். மிச்சத்துக்கு மெட்ராஸில் மருந்து ஏற்ற வேண்டும். "மருந்து ஏறிவிட்டால் குழந்தை பிறப்பது சந்தேகம். அதற்கு முன்னால் விந்தைக் கொடுத்துவிடுங்கள், உறைய வைத்துக் காப்பாற்றலாம். சில நாள் மனைவியை விட்டு விலகியிருந்துவிட்டு வாருங்கள்" என்றார் முன்பே ஒருமுறை போய்ப் பார்த்த மெட்ராஸ் டாக்டர். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கூட்டுக் குடும்பத்தில் தனியாகப் படுக்க என்ன காரணம் சொல்வது? காப்புக் கட்டியவன் தனியாகத்தான் படுக்க வேண்டும்; கட்டிக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். எல்லை என்று ஒன்று இருப்பது அன்று காலைதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் விந்து கொடுக்க வேண்டும், அதற்கடுத்த நாள் முதல் மருந்து.

சரசு ஓடிப்போய்ப் பூசாரியை அழைத்து வந்தாள்.

"ஏனுங்க சாமி, இந்தக் காப்பை என் கையில மாத்திக் கட்டிடுங்க. அவுரு போயே ஆகோணும். இல்லீனா எங்களுக்குப் புள்ளயே இல்லீங்க."

"புள்ளைக்கும் மெட்ராசுக்கும் என்ன சாமி?" என்றார் பூசாரி.

"மாட்டாஸ்பத்திரில காளையோடத உறைய வெச்சு ஊசி போடறாங்கல்லீங்க, அதுமாரி."

நான் தரையைப் பார்த்தேன். பூசாரி வீட்டுச் செவலைப் பசு அந்த ஊசியில்தான் கன்று போட்டிருந்தது.

"அட, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று காப்பை அவிழ்த்தார். "நோம்பு குடும்பத்துக்குத்தான சாமி. யாரு கையில இருந்தா என்ன?"

காப்பு கை மாறியதும்தான் உறைத்தது: இனிச் சரசு வர முடியாது.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கறேன்" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

நாமக்கல் பதினோரு கிலோமீட்டர். அங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் அதற்குள்ளேயே சம்மட்டிச் சத்தம். பஸ் மாறினேன். ராசிபுரம் தாண்டியதும் களங்களில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. பயம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு என்னவோ பெண் பார்க்கப் போகிறவனின் குதூகலம். பக்கத்து இருக்கையில் ஓமலூர்க்காரர் ஒருவர், "தம்பி என்ன விசேசமாப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். சேலம் ஜங்ஷனில் ரயில் பிடித்து, பொழுது சாயும்போது மெட்ராஸ்.

மறுநாள் காலை பத்து மணி. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் கூச்சத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேசைக்குப் பக்கத்தில் எங்கள் மாட்டாஸ்பத்திரியில் இருப்பது போலவே உறைய வைக்கும் அலுமினியக் கேன் ஒன்று, வாயில் வெண்புகை. அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த தைரியம் வந்தது. நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்த டாக்டர், "வந்து பாருங்கள்" என்றார்.

குனிந்தேன். வெளிச்சத்துக்குள் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. எல்லாமே உயிரோடு. சந்தோஷத்தில் கண் நிறைந்து எதுவும் தெரியாமல் போயிற்று.

"போதுமா?" என்றார் டாக்டர்.

"இன்னொருக்கா பாத்துக்கறேனுங்க. போனதும் எப்பிடி இருந்துச்சுன்னு அவ கேப்பாளுங்க."