எறிகணைகளை எண்ணிய குரல்

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். இது எனக்கு நடந்தது. போன மாதம், பௌர்ணமி போயா விடுமுறை அன்று, பட்டப்பகலில்.

என் பெயர் யதுர்சன். திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை. வீடு கப்பல்துறையில். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது வெருகல் பக்கம் எறிகணை அடியில் அப்பா இறந்துவிட்டார். அம்மா கமலேஸ்வரி என்னைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தார். அன்று என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. அம்மாவும் சொன்னதில்லை.

அன்று புதிய கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தேன். பல வருடங்களாக ரோபோ, எதிர்கால யுத்தம் என்று போய்க்கொண்டிருந்த சுடும் கேம் தொடர் அது. இந்த முறை திரும்பவும் இரண்டாம் உலகப் போருக்கு வந்திருந்தது. மூதூரிலிருந்து என் நண்பன் றிகாஸ் சேர்ந்து விளையாடினான். திரையில் இரண்டு பெயர்கள்தான். அவன், நான்.

பின்னேரம் 3.12.

எங்கள் இரண்டு சிப்பாய்களும் பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். எறிகணை அடி தொடங்கியது. ஹெட்செட்டில் கூவிக்கொண்டு வரும் சத்தம்... அதற்கு முன்னால் ஓர் ஆண் குரல்.

"ஒண்டு."

விழுந்தது.

"நீயா எண்ணுறாய்?" என்று கேட்டேன்.

"என்னத்தை?" என்றான் றிகாஸ்.

"ரெண்டு."

விழுந்தது.

குரலில் பதற்றமே இல்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பிறகு கொஞ்சம் காத்திருந்தது. யாரோ பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல...

மூன்று. நான்கு. ஐந்து.

எனக்குப் பயம் வரவில்லை.

"ஆறு."

விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"முடிஞ்சுது மச்சான், ஓடு." றிகாஸின் சிப்பாய் வெளியே பாய்ந்தான்.

"எழும்பாதே மகன்," என்றது குரல். "ஏழு."

றிகாஸின் சிப்பாய் சிதறினான்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். 3.16.

குசினியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம்.

போனேன்.

அம்மா சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளாலும் காதைப் பொத்தி... வாயைத் திறந்தபடி.

"அம்மா?"

"முடிஞ்சுதா?"

"ஓம்."

எழும்பினார். சீலையைத் தட்டினார். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடித்தேன்.

விளையாடும்போது றிகாஸ் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்வான். பொழுதுபட, 6.40க்கு, அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"நீ சொல்லுற ஆம்பிளைக் குரல் இதில இல்லை, மச்சான். ஆனா உன்ட பக்கத்தால ஒரு பொம்பிளை 'ஓம்' சொல்லுறா. ஏழு தரம்."

போட்டுக் கேட்டேன். அம்மாவின் குரல்.

அந்த எண்ணிக்கை என் ஹெட்செட்டுக்குள் மட்டும்தான் கேட்டது. அம்மா நின்றது குசினியில். என் அறைக் கதவு சாத்தியிருந்தது.

பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பங்கருக்குள்ள உன்ட அப்பா எண்ணுவார்," என்றார். "இருட்டில முகம் தெரியாது. ஒவ்வொண்டுக்கும் நான் ஓம் சொன்னா, நாங்க இருக்கிறம் எண்டு அவருக்குத் தெரியும்."

"கடைசியா எண்ணின அண்டைக்கு?"

"ஆறு வரைக்கும் எண்ணினவர். முடிஞ்சுது எண்டு நினைச்சு, உனக்குத் தண்ணி எடுக்க எழும்பினவர்."

கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"ஏழு எண்டு அண்டைக்கு அவர் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் சொன்னவர்."