‘போல’ இல்லாத கடைசிக் காட்சி

விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு இருபதாவது தாளுக்கு மேல் ஒரு சந்தேகம் வரும்: இத்தனையையும் எழுதியது ஒரே ஆள்தானோ? சிவப்புப் பேனாவும் கழுத்து வலியும் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் தமிழ்ப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆள் போதவில்லை என்று போன வருடம் மதுரையில் நடந்த திருத்தும் முகாமுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். வீட்டில் பேச ஆள் இல்லை, போனேன்.

காலைக் கட்டு

காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. ஒவ்வொரு தாளிலும் பெயர் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டு வேறு எண் போட்டிருப்பார்கள். எழுதியது யார் என்று நமக்குத் தெரியாது, திருத்தியது யார் என்று அவர்களுக்கும் தெரியாது. எனக்கு வந்தவை எல்லாம் அரியர் தாள்கள். முன்பே ஒரு முறையோ பல முறையோ தவறி, திரும்ப எழுதியவர்களுடையவை.

பெரிய கேள்வி பதினைந்து மதிப்பெண்ணுக்கு. பாடத்தில் இருக்கும் பழைய செய்யுள் நாடகத்தில் இளங்காதலன் பேசும் மொழியை ஆராய்க. ஆற்றின் இக்கரையில் ஒரு தச்சன் மகன், அக்கரையில் ஒரு பெண். முதல் காட்சியில் அவளைத் தூரத்தில் பார்த்துவிட்டு, பக்கம் பக்கமாக வருணிப்பான். கடைசியில் அவனைப் பார்க்க வந்தவளை வெள்ளம் கொண்டுபோய்விடும், கரை ஒதுங்கிய அவள் உடலுக்குப் பக்கத்திலேயே அவனும் உயிர் விடுவான். பக்கத்து நாற்காலியில் இருந்த பாண்டியம்மாள் உசிலம்பட்டிப் பக்கம், என்னைவிட இருபது வயது இளையவர். கேள்வியைப் பார்த்ததுமே பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“செத்தும் விட மாட்டேங்கிறான்மா இந்தப் பய. வருசா வருசம் நம்ம மேசையிலயும் ஒருக்கா வந்து சாகுறான்.”

எல்லாத் தாளிலும் ஒரு வரி

டீ வருவதற்குள் ஒரு வரி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘கடைசி மூச்சு வரை உவமைகளாலேயே பேசியவன் இக்காதலன்.’ ஒரு எழுத்து மாறாமல் தாளுக்குத் தாள் வந்தது. எங்களுக்குக் கொடுத்த விடைக் குறிப்பிலும் அதே வரி இருந்தது. உவமைகளை எடுத்துக்காட்டி இந்த முடிவுக்கு வந்தால்தான் முழு மதிப்பெண்.

உண்மையில் அதை எனக்கு யாரும் மனப்பாடம் செய்து தர வேண்டியதில்லை. அது நான் எழுதிய வரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பதிப்பாளருக்காக, பெயர் போடாமல், ஒரே வாரத்தில் எழுதிக் கொடுத்த நோட்ஸ். முதல் மூன்று அங்கங்களை வரி வரியாகப் படித்தேன். கடைசி அங்கத்துக்கு வந்தபோது அச்சகத்து ஆள் வாசலில் நின்றார். முன்னால் பேசியதுபோலத்தானே பின்னாலும் பேசியிருப்பான் என்று எழுதிவிட்டேன். பிறகு எத்தனையோ முறை அந்த அங்கத்தைப் படித்து அழுதிருக்கிறேன். அந்த வரியை மட்டும் சரிபார்த்ததே இல்லை. இது தெரியாத பாண்டியம்மாள் நாற்பதாவது தடவை அதை அடிக்கோடிட்டபடி சொன்னார்:

“எந்தப் புண்ணியவான் எழுதுனதோ, நம்ம மூளைக்கு அம்புட்டு வேலை மிச்சம்.”

பென்சிலில் இரண்டு வரி

மதியக் கட்டில் ஒரு தாள். மற்ற கேள்விகளில் பாதி காலி, எழுதிய பாதியும் அரைகுறை. கூட்டினால் பதினெட்டு. தேற முப்பது வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலில் இருந்தது: ‘இந்த ஒரு தாள்தான் பாக்கி. இது முடிந்தால்தான் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.’ இப்படிக் கெஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கெல்லாம் மனசு காய்த்துப் போயிருக்கும். நானும் கடந்து போய்க் கட்டுரைக்கு வந்தேன்.

‘முதல் காட்சியில் அவன் அவளை நிலவு போல என்கிறான், மின்னல் போல என்கிறான். கடைசிக் காட்சியில் ஒரு “போல” கூட இல்லை. தண்ணீர் கேட்கிறான், அவள் காலில் இருக்கும் சேற்றைக் கழுவ வேண்டும் என்கிறான். அவ்வளவுதான். தெரியாத ஆளைத்தான் தெரிந்த பொருளைக் காட்டிப் பேச வேண்டும். எங்கள் அப்பா இறந்தபோது வந்தவர்கள் தேர் போல, மலை போல என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மா மட்டும், அவருக்குச் சட்டைப் பட்டனைப் போட்டுவிடுங்கள் என்றார்.’

பேனாவைக் கீழே வைத்தேன். என் வீட்டுக்காரர் போன அன்று நான் சொன்னது, அவர் கண்ணாடியைக் கழற்றுங்கள், மூக்கில் தடம் விழும் என்பது. கவிதை எழுதுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்று எனக்கு ஒரு உவமையும் வரவில்லை. தாளைப் பாண்டியம்மாளிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது, ஆனால் விரல் விடைக் குறிப்பின் மேல் இருந்தது:

“நல்லாத்தான்மா இருக்கு, ஆனா இதுல உள்ளது ஒண்ணுகூட அதுல இல்லையே. மூணு போடலாம், மனசு கேக்கலைன்னா அஞ்சு.”

ஏழு மார்க்

ஐந்து போட்டால் இருபத்துமூன்று. பிள்ளைக்கு வேலை கைநழுவிப் போய்விடும். தாளை எடுத்துக்கொண்டு தலைமைத் திருத்துநர் முருகேசனிடம் போனேன். நல்ல மனிதர். ஒன்று, இரண்டு குறைந்தால் வேறு ஒரு கேள்வியில் கொஞ்சம் தாராளம் காட்டித் தேற்றிவிடும் வழக்கம் எல்லா முகாமிலும் உண்டு, அதை அவரே சொல்லித் தருவார். இந்தத் தாளின் கணக்கைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“ரெண்டு மூணுன்னா தள்ளிவிடலாம்மா. ஏழு மார்க்கை எப்படித் தள்றது? இதென்ன ஆரப்பாளையத்துல நின்னுபோன டவுன் பஸ்ஸா, நாலு பேர் எறங்கித் தள்ள?”

யார் எழுதியது

“தள்ள வேண்டாம் சார். இந்தப் பதிலுக்கே பதிமூணு போட வேண்டும்” என்றேன். “குறிப்பு என்ன சொல்லுது, பாத்தீங்களா?” என்றார். பார்த்தேன் என்றேன். “அதில் இருக்கும் வரியை எழுதியதே நான்தான். கடைசி அங்கத்தைப் படிக்காமல் எழுதினேன்.”

நாலு மேசை திரும்பிப் பார்த்தது. பாண்டியம்மாள் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. முருகேசன் நூலகத்திலிருந்து நாடகத்தை வரவழைத்தார். “வாசிங்க” என்று பாண்டியம்மாளிடம் கொடுத்தார். அவர் கடைசிக் காட்சியை முழுக்க வாசித்தார். தண்ணீர், சேறு, விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்வது, அவள் பெயர். எங்கும் ஒரு ‘போல’ இல்லை. “இருபது வருசமா நானும் இதைத்தானம்மா நடத்துறேன். கடைசிக் காட்சிக்கு வாரதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சுரும்” என்றார் முருகேசன். விடைக் குறிப்பில் அந்த வரியை அடித்து, ‘இதற்கு மாறான கருத்தும் ஏற்கத்தக்கது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பதிமூன்று போட்டேன். முப்பத்தொன்று.

அப்படியானால் என் வரியை எழுதிய மற்றவர்களுக்குக் குறைக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் அடுத்த கட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“வெட்டிறாதீங்கம்மா. நீங்க சொன்னதை நம்பித்தான எழுதியிருக்குக, பாவம்.”

பழங்காநத்தம் பஸ்ஸில் வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று இன்னும் முகத்தைத் தேடுகிறேன். நம் தொழிலில் நமக்குப் பாடம் நடத்தியவரின் பெயர் மட்டும் எப்போதும் கிழிக்கப்பட்டுத்தான் கைக்கு வரும்.