சிவப்புப் பொட்டு வைத்த ஸ்க்ரூ

குண்டு நடுவில் விழுந்தால் சுட்டவன் கெட்டிக்காரன், தள்ளி விழுந்தால் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் உதவாக்கரை. இதுதான் எங்கள் தொழிலின் நியாயம். வாட்ச், மோட்டார், மிக்ஸி என்று அடுத்தவர் சாமானில் கை வைத்துப் பேச்சு வாங்கும் அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். சுனாமிக்குப் பிறகு சில வருஷம் போர்ட் பிளேரில் ஒரு ரைஃபிள் கிளப்பில் இந்தப் பேச்சை வாங்கித்தான் பிழைத்தேன்.

அலமாரியில் பல்பு

எங்கள் அந்தமானில் அலமாரிக்குள் பல்பு எரியாத வீடு அபூர்வம். அணைத்தால் பட்டுப்புடவை முதல் பள்ளி சர்டிபிகேட் வரை பூஞ்சை பிடித்துவிடும். கிளப்பில் இருந்த ஒரே உருப்படியான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளையும் அப்படித்தான் பல்பு போட்டு வைத்திருந்தார்கள். வினையே அதுதான். உள்ளே காய்ந்து கிடந்த துப்பாக்கியின் மரக்கட்டை வெளியே மழைக்காற்றுக்கு வந்ததும் ஊதிப்போய்க் குழலை முட்டும். முட்டினால் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும்.

அதில் சுட்டவன் சண்முகம். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவன். வீடு கடலோடு போன பிறகு இங்கே ஒரு ஆபீஸில் தினக்கூலி மஸ்தூர். மெயின்லேண்டில் தகுதிப் போட்டியில் தேறினால் விளையாட்டுக் கோட்டாவில் நிரந்தர வேலை. வயது வரம்பு அந்த வருஷத்தோடு சரி. ஆகவே நான் பல்பை அணைத்துவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் காலண்டர் தாள் தடங்கல் இல்லாமல் ஓடும்வரை மரத்தை இழைத்தேன். கிளப் செயலாளர் பிஸ்வாஸ் பாபு, மாயாபந்தர் பக்கத்துப் பெங்காலி, நன்றாகத் தமிழ் பேசுவார். தாளை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரே பாய், ரிப்பேர் பண்ணச் சொன்னா சந்து வுட்டு வச்சிருக்கியே!"

படகுப் பசை

அடுத்து, துப்பாக்கியின் இரும்புப் பகுதி கட்டைக்குள் அசையாமல் உட்கார வேண்டும். கப்பல் ஜெட்டியில் ஃபைபர் படகு ஒட்டுகிறவர்களிடம் பசை வாங்கி வந்தேன். இரும்பு மேல் மெழுகு பாலிஷ் தடவிவிட்டு வைத்தால்தான் பிறகு கழன்று வரும். நான் டீ குடிக்கப் போன நேரத்தில் பிஸ்வாஸ் பாபு, உதவி செய்கிறாராம், பாலிஷுக்குப் பதில் தேங்காய் எண்ணெயைத் தடவி ஒட்டியே விட்டார். பிறகு உளி வைத்துச் செதுக்கியது நான்தான்.

மறுபடி ஒட்டி, ஸ்க்ரூவை அளவாக முடுக்கி, என் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துப் பாதி ஸ்க்ரூவிலும் பாதி இரும்பிலுமாகச் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன். யாராவது திருப்பினால் பொட்டு உடைந்து காட்டிக் கொடுக்கும். "இதுல எவன் கை பட்டாலும் அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்று கத்தினேன். கத்தியது பிஸ்வாஸ் பாபுவைப் பார்த்து. பதில் சொன்னவன் பக்கத்தில் நின்ற சண்முகம்: "சத்தியமா தொட மாட்டேங்கண்ணே."

நல்ல குண்டு

ஒவ்வொரு குழலுக்கும் ஏதோ ஒரு கம்பெனிக் குண்டுதான் பிடிக்கும். அது எது என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலில் வந்த பெட்டிகளை எல்லாம் சண்முகம் பொறுமையாகச் சுட்டுப் பார்த்தான். ஒரு பெட்டிக் குண்டு மட்டும் ஒரே ஓட்டையில் போய் விழுந்தது. குதித்தோம், கட்டிக்கொண்டோம். மறுபடி மறுபடி சுட்டு ரசித்தோம். பெட்டியைப் பார்த்தால் போட்டிக்கு மட்டும்தான் மிச்சம். பயிற்சிக்கு ஒன்றும் இல்லை. பிஸ்வாஸ் பாபு தலையில் கை வைத்துக்கொண்டார்: "நல்ல குண்டு எதுன்னு கண்டுபிடிக்கவே நல்ல குண்டு தீர்ந்துபோச்சே, பாய்!"

ஏசி அறை

கிளப் ஒருவருக்குத்தான் டிக்கெட் போட்டது. சண்முகம் சென்னைக்குக் கப்பலேறினான். நான் ஜெட்டியில் நின்று கையசைத்தேன். போட்டிக்கு முன்பு எல்லாத் துப்பாக்கியையும் வாங்கி ஏசி அறையில் பூட்டி வைப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்தமான் ஈரத்தில் ஊறிய மரம் அந்தக் குளிரில் காய்ந்து சுருங்கிவிட்டது. ஸ்க்ரூ திரும்பவில்லை, ஆனால் பிடிப்பு போய்விட்டது. முதலில் ஒன்றிரண்டு நடுவில் விழுந்து, பிறகு குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறின.

ஸ்க்ரூவை அரைத் திருப்புத் திருப்பினால் போதும். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான் கட்டை ஆடுவதைப் பார்த்து, ஸ்க்ரூ சாவியைக் கையிலேயே கொடுத்திருக்கிறார். சண்முகம் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டான். தகுதியும் போயிற்று, வேலையும் போயிற்று. அவன் ரங்கத் பக்கம் ரோடு வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. சென்னையிலிருந்து திரும்பிக் கப்பலை விட்டு இறங்கியதும் அவன் செய்த முதல் வேலை, ரைஃபிளை உறையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டியதுதான்: "பாருங்கண்ணே, பொட்டு அப்படியே இருக்கு. நான் தொடவே இல்ல."

மரத்தை இழைத்தேன், பசை போட்டேன், குண்டைத் தேர்ந்தெடுத்தேன். அத்தனையும் சரியாக இருந்த துப்பாக்கியைக் குறி தவற வைத்தது என் வாய்.